ஒலிப்பதிவு அறை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இணைய வானொலி, கோயில் பாடல் பதிவு, பள்ளிப் பாடங்களை ஒலிவடிவில் தருவது என்று பர்மாவில் நம்மவர்கள் வீட்டிலும் சங்கக் கட்டடத்திலும் பதிவு அறை அமைத்து வருகிறார்கள். அதையொட்டி வந்த கேள்விகளில் பலருக்கும் உதவக்கூடியவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். நம் தச்சர்களும் கொத்தனார்களும் அடி, அங்குலத்தில்தான் வேலை செய்கிறார்கள் என்பதால் அளவுகளும் பெரும்பாலும் அப்படியே.

கேள்வி: யாங்கோன் தாம்வேயில் நான்காம் மாடியில் இருக்கிறோம். பன்னிரண்டரை அடி அகல வீட்டின் பின்பகுதியைத் தடுத்து 12 அடி நீளம், 10 அடி அகலம், 9 அடி உயரத்தில் அறை எடுத்தோம். நான்கு சுவரிலும் ஒரு அங்குல ஃபோம் ஒட்டியாயிற்று. பஸ் ஹார்ன் அப்படியே உள்ளே கேட்கிறது. பேசினால் பானைக்குள் பேசுவது போலக் கும்மென்கிறது. இன்னொரு அடுக்கு ஒட்டினால் சரியாகுமா?

பதில்: ஒட்ட வேண்டாம். ஒட்டியதிலேயே பாதியைப் பிரிக்க வேண்டியிருக்கும்.

ஹார்ன் வேறு, கும்மென்ற முழக்கம் வேறு. வெளிச் சத்தம் உள்ளே வராமல் தடுக்க எடையும் காற்றுப் புகாத அடைப்பும் வேண்டும். உள்ளே எழும் சத்தம் சுவரில் மோதித் திரும்பாமலிருக்க, காற்று நுழைந்து போகக்கூடிய தடித்த பஞ்சு வேண்டும். ஃபோம் இந்த இரண்டாவது வேலைக்கான பொருள். வாயை வைத்து ஊதிப் பாருங்கள், மறுபக்கம் காற்று வரும். சத்தமும் அப்படித்தான் வரும். சுவரின் எடையை இரண்டு மடங்காக்கினாலே கிடைப்பது 5, 6 டெசிபல்தான் என்னும்போது, கைக்கு எடையே தெரியாத ஃபோம் ஹார்னை நிறுத்தாது. தெருச் சத்தத்துக்கு முதலில் ஜன்னல், கதவு இடுக்குகளை அடையுங்கள். நீங்கள் போட்ட தடுப்பு ஒற்றைப் பிளைவுட்டாக இருந்தால், சட்டத்தின் இரு பக்கமும் இரண்டிரண்டு 12 மி.மீ. பலகை, நடுவில் ராக்வூல் எனும் பாறை இழைப் பஞ்சு என்று மாற்றுங்கள். பலகை மூட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வராமல் தள்ளி அமைய வேண்டும்.

இனி முழக்கம். 100 ஹெர்ட்ஸ் ஒலியின், அதாவது நொடிக்கு 100 முறை அதிரும் ஒலியின், அலைநீளம் 11 அடிக்கு மேல். சுவரை ஒட்டிய இடத்தில் காற்று அசைவதில்லை. அலைநீளத்தில் கால் பங்கு தள்ளித்தான் அதிகமாக அசைகிறது. பஞ்சும் ஃபோமும் அசையும் காற்றை உரசித் தடுத்தே ஒலியைத் தின்கின்றன. அதனால் சுவரோடு ஒட்டிய ஒரு அங்குல ஃபோம் சுமார் 1,500 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் உருப்படியாக வேலை செய்யும். ச, ஸ எழுத்துகளின் கூர்மை அதில் போய்விடும். குரலின் உடம்பு இருக்கும் 100 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை தொடப்படாமல் அறைக்குள் சுற்றும். மேல்சுருதி செத்து, கீழ்ச்சுருதி மிஞ்சினால் காதுக்குப் பானைதான். 1920களில் பிபிசியின் லண்டன் சவோய் ஹில் நிலையத்திலும் சுவர் முழுக்கக் கனத்த திரைகளைத் தொங்கவிட்டு இதே சங்கடத்தில் மாட்டினார்கள். நூறு ஆண்டுக்குப் பிறகும் அதே தவறு ஃபோம் வடிவில் விற்கப்படுவதுதான் வருத்தம்.

உங்கள் அறையின் அளவுகளும் இதில் பங்கெடுக்கின்றன. 565ஐ அடிக் கணக்கால் வகுத்தால் அந்தத் திசையில் அறை முதலில் எந்த ஹெர்ட்ஸில் முழங்கும் என்று தெரியும்: 12 அடிக்கு 47, 10 அடிக்கு 56, 9 அடிக்கு 63. இவற்றின் இரட்டிப்பு 94, 113, 126. பெரும்பாலான ஆண்களின் பேச்சுச் சுருதி சரியாக அந்த இடத்தில் விழுகிறது. அறையின் நட்டநடுவில் இந்த இரட்டிப்பு முழக்கம் உச்சத்தில் இருக்கும் என்பதால் மைக்கை அங்கே வைக்கவே கூடாது. நீளத்திலும் அகலத்திலும் சுவரிலிருந்து கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் வைத்துப் பேசிப் பாருங்கள். காசில்லாமல் கிடைக்கும் முதல் முன்னேற்றம் இது.

அடுத்தது பஞ்சுப் பலகை. எத்தனை வேண்டும் என்பதற்குக் கணக்கு உண்டு. ஹார்வர்டில் வாலஸ் சபைன் 1895இல் தொடங்கிய சோதனைகளிலிருந்து வந்தது அது. அறையின் கன அடியை 0.049ஆல் பெருக்கி, ஒலி அடங்க வேண்டிய நேரத்தால் வகுக்க வேண்டும். பேச்சு அறைக்கு 0.3 நொடி நல்ல இலக்கு. உங்களுக்கு 1,080 × 0.049 ÷ 0.3 = 176. அதாவது முழுதாக உறிஞ்சும் பரப்பு 176 சதுர அடி. ஆட்கள், கம்பளம், நாற்காலி, மிச்ச ஃபோம் எல்லாம் சேர்ந்து 35, 40 தந்துவிடும். மீதிக்கு 2 × 4 அடிப் பலகை 16 செய்யுங்கள்.

முக்கால் அங்குலக் கனம், 6 அங்குல அகலமுள்ள சாதாரண மரச் சட்டத்தில் 2 × 4 அடிப் பெட்டி அடிக்கவும். தேக்கு தேவையில்லை. கன மீட்டருக்கு 50 கிலோ அளவுள்ள 2 அங்குல ராக்வூல் பாளம் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக முன்பக்கம் வைத்தால் 4 அங்குலம். பின்னால் 2 அங்குலம் காலியாக நிற்கும். 16 பலகைக்கு 32 பாளம். இழை உதிராமலிருக்க முதலில் மெல்லிய நெய்யாத் துணி, அதன்மேல் பருத்தித் துணி. லுங்கித் துணியே போதும். வாயில் வைத்து ஊதினால் மூச்சுத் தாராளமாகப் போக வேண்டும். ரெக்ஸின் போர்த்தினால் மேல்சுருதி அதில் பட்டுத் திரும்பிவிடும். பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே 2 அங்குலக் கட்டை வைத்து மாட்டினால் மொத்தம் 4 அங்குலக் காற்றிடைவெளி. மேலிருந்து கீழே 250 ஹெர்ட்ஸ் வரை இது நன்றாகப் பிடிக்கும். ஒரு பலகை சுமார் 10 கிலோ வரும் என்பதால் குறைந்தது இரண்டு கொக்கி வேண்டும். வெட்டும்போது முகமூடி, கையுறை, முழுக்கைச் சட்டை கட்டாயம்.

மாட்டும் இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். பேச்சுக்குப் பயன்படும் கார்டியாய்டு மைக் பின்பக்கம் கேட்காது. பேசுபவரையும் அவருக்குப் பின்னால் இருக்கும் சுவரையும்தான் கேட்கும். ஆகவே முதல் மூன்று பலகை முதுகுப்புறச் சுவருக்கு. தலைக்கு மேல் கூரையில் இரண்டு. கதவுள்ள மூலையை விட்டு மற்ற மூன்று மூலைகளிலும் குறுக்காக, மேலும் கீழுமாக இரண்டிரண்டு. கீழ்ச்சுருதி குவியும் இடம் மூலைதான். பக்கச் சுவர்களில் பக்கத்துக்கு இரண்டு, எதிர்ச் சுவரில் ஒன்று. பலகைக்கு இடம் வேண்டி ஃபோமைப் பிரியுங்கள். மீதிச் சுவரில் அங்கங்கே கொஞ்சம் இருந்தால் போதும்.

கேள்வி: முட்டை அட்டையைச் சுவர் முழுக்க ஒட்டினால் சத்தம் வெளியே போகாது என்கிறார்களே? – பெகு வாசகர்

பதில்: போகும். அதில் எடையும் இல்லை, தடிமனும் இல்லை. நடுச்சுருதியில் ஒரு சிறு பகுதியைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும், அவ்வளவே. கரப்பானுக்கு நல்ல வீடு, நெருப்புக்கு நல்ல தீனி.

நெருப்பைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். 2003 பிப்ரவரியில் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஓர் இரவு விடுதியில் மேடை வாணவேடிக்கையின் பொறி சுவரில் ஒட்டிய பாலியூரித்தேன் ஃபோமில் பட்டு 100 பேர் இறந்தார்கள். 2013 ஜனவரியில் பிரேசிலின் சாந்தா மரியாவில் அதே வகையில் 242 பேர். அந்த ஃபோம் எரியும்போது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் வரும். நெருப்பு நெருங்கும் முன்பே புகை ஆளைச் சாய்த்துவிடும். அடைத்த அறை, ஒரே கதவு, மேலே மின்கம்பிகள் என்று இருக்கும் பதிவு அறைக்கு இதைவிடப் பெரிய ஆபத்து கிடையாது. வாங்கும் முன் விரல் அளவுத் துண்டை வெட்டவெளியில் இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சி காட்டுங்கள். தீயை எடுத்த பின்னும் எரிந்து சொட்டினால் அந்தப் பொருள் அறைக்குள் வரக்கூடாது. ராக்வூலும் கண்ணாடி இழைப் பஞ்சான கிளாஸ்வூலும் எரியாதவை. நாங்கள் அவற்றைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு ஒலியைவிட இதுவே பெரிய காரணம்.

கேள்வி: மௌல்மீனில் தகரக் கூரை வீடு. மழைக்காலத்தில் பதிவே செய்ய முடிவதில்லை. கூரைக்குக் கீழே தெர்மகோல் அடித்தும் பயனில்லை. என்ன செய்யலாம்?

பதில்: ஆண்டுக்கு 4,000 மி.மீ.க்கு மேல் மழை பெய்யும் ஊரில் இது தவிர்க்க முடியாத கேள்வி. தெர்மகோல் வெப்பத்தைத் தடுக்கும். எடையில்லாததால் ஒலியைத் தடுக்காது. மழைத்துளி தகரத்தை அடித்து அதிரவைக்கிறது, அதிர்ந்த தகரம் கீழே இருக்கும் காற்றை அடிக்கிறது. ஆகவே தகரத்தின் அதிர்வை அடக்க வேண்டும். அதோடு, தகரத்தைத் தொடாத கனமான இன்னொரு கூரை கீழே வேண்டும்.

முதல் வேலைக்கு 2 அங்குலக் கிளாஸ்வூலைத் தகரத்தின் அடிப்பக்கம் முழுக்க நெருக்கிப் படும்படி கம்பிவலை போட்டுத் தாங்குங்கள். இரண்டாவது வேலைக்கு 12 மி.மீ. பலகை இரண்டு அடுக்கு. ஈரம் ஏறும் ஊர் என்பதால் சாதாரண ஜிப்சம் வேண்டாம்; ஈரம் தாங்கும் ஜிப்சம் அல்லது ஃபைபர் சிமென்ட் போடுங்கள். ஜிப்சம் இரண்டு அடுக்கு 100 சதுர அடிக்கு சுமார் 180 கிலோ, நம் கணக்கில் 110 வீசை. ஃபைபர் சிமென்ட் இன்னும் கனம். இந்த எடையைக் கூரைக் கைமரத்தில் தொங்கவிட்டால், தகரத்தின் அதிர்வு மரத்தின் வழியாகவே கீழே இறங்கிவிடும். செலவழித்தும் பயனில்லை என்று குறைப்படுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறியிருப்பார்கள். கீழ்க்கூரை தனக்கென்ற சுவர்மேல் உட்கார வேண்டும். அறைக்குள் 2 × 4 அங்குலச் சட்டத்தில் தனிச் சுவர் நிறுத்தி, அதன்மேல் 16 அங்குலத்துக்கு ஒன்றாக 2 × 6 சட்டம் வைத்தால் 10 அடி அகலத்துக்கு ஜிப்சம் இரண்டு அடுக்கைத் தாங்கும். ஃபைபர் சிமென்ட் என்றால் தச்சரிடம் எடையைச் சொல்லிச் சட்டத்தை முடிவு செய்யுங்கள். சட்டங்களுக்கு நடுவில் 4 அங்குல ராக்வூல்.

இரண்டு கூரைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறதோ அவ்வளவு நல்லது. 2 அங்குலம் மட்டும் விட்டால் தகரமும் பலகையும் நடுக்காற்றும் சேர்ந்து சுமார் 135 ஹெர்ட்ஸில் ஒன்றாக அதிரும். ஆண் குரல் இருக்கும் அதே இடம். ஒன்றரை அடிக்கு மேல் விட்டால் அது 45 ஹெர்ட்ஸ் பக்கம் இறங்கிவிடும், பேச்சைத் தொடாது. இந்த இடைவெளிக்குள் காற்று ஓட்டம் இருக்கட்டும், இல்லாவிட்டால் பஞ்சில் ஈரம் தங்கும்.

இத்தனை செய்தாலும் கொட்டும் மழையில் மெல்லிய இரைச்சல் கேட்கத்தான் செய்யும். இரண்டு மாடிக் கட்டடமாக இருந்தால் இவ்வளவு செலவுக்குப் போகாமல் அறையைக் கீழ்த்தளத்துக்கு மாற்றுங்கள். நம்மைக் கேட்டால் அதுதான் முதல் யோசனை.

கேள்வி: ஒன்றேமுக்கால் அங்குலத் தேக்குக் கதவு போட்டும் பக்கத்து அறைப் பேச்சு கேட்கிறது. கதவை இன்னும் தடிப்பாக்க வேண்டுமா? பதிவு அறைக்கும் கட்டுப்பாட்டு அறைக்கும் நடுவில் கண்ணாடி எப்படி வைப்பது? – மாண்டலே வாசகர்

பதில்: கதவுக்குக் கீழே இருக்கும் இடுக்கை அளந்து பாருங்கள். 3 × 7 அடிக் கதவில் அடிப்பக்கம் கால் அங்குல இடுக்கு இருந்தால் 9 சதுர அங்குலம் திறந்திருக்கிறது. கதவின் பரப்பில் அது 0.3 சதவீதம்தான், ஆனாலும் கதவு எவ்வளவு தடித்திருந்தாலும் 25 டெசிபலுக்கு மேல் தடுக்க விடாது. சுற்றிலும் ரப்பர் பீடிங், அடியில் கதவு மூடும்போது இறங்கி அழுத்தும் பட்டை, அது கிடைக்காவிட்டால் அரை அங்குல உயர மரப்படியில் ரப்பர் ஒட்டிக் கதவு அதில் வந்து அமரும்படி செய்யுங்கள். உள்ளே விளக்கை அணைத்து வெளியே போட்டுப் பாருங்கள். ஒளி வரும் இடமெல்லாம் ஒலியும் வரும். பிறகு காகிதத் துண்டை இடுக்கில் வைத்துக் கதவை மூடி இழுங்கள். சுற்றிலும் எங்கே இழுத்தாலும் இறுக்கம் தெரிய வேண்டும். சாவித்துளையையும் மறக்க வேண்டாம். இதற்குப் பிறகும் போதவில்லையென்றால் 3 அடி இடைவெளியில் இன்னொரு கதவு. ஒரே கதவைத் தடிப்பாக்குவதைவிட அது பல மடங்கு பயன் தரும்.

கண்ணாடி இரண்டு வேண்டும், வெவ்வேறு கனத்தில்: 6 மி.மீ., 10 மி.மீ. ஒரே கனமாக இருந்தால் இரண்டும் ஒரே சுருதியில் பலவீனப்படும். நடுவே குறைந்தது 4 அங்குலம், முடிந்தால் 8. இரட்டைச் சுவரென்றால் ஒவ்வொரு கண்ணாடியும் தன் பக்கச் சுவரோடு மட்டும் நிற்க வேண்டும். இரண்டையும் ஒரே மரச் சட்டத்தில் பிடித்தால் சட்டமே பாலமாகிவிடும். சாய்த்து வைப்பது விளக்குப் பளபளப்பையும் குரல் நேராகத் திரும்புவதையும் தவிர்க்க; தடுப்புக்கும் சாய்வுக்கும் சம்பந்தமில்லை. மூடும் முன் கண்ணாடியின் உட்பக்கத்தை நன்றாகத் துடைத்து, சுற்று இடைவெளியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போடுங்கள். மறந்தால் முதல் மழைக்காலத்திலேயே உள்ளே பனித்துவிடும், திறந்து துடைக்கவும் முடியாது.

கேள்வி: எல்லா இடுக்கையும் அடைத்தோம். ஏசி சத்தம் வருவதால் பதிவின்போது நிறுத்துகிறோம். அரை மணியில் புழுக்கமும் தலைவலியும். – யாங்கோன் வாசகி

பதில்: புழுக்கத்தைவிடக் காற்றைப் பற்றிக் கவலைப்படுங்கள். பிரித்து மாட்டும் ஏசி உள்ளிருக்கும் காற்றையே சுற்றவிடும், வெளிக்காற்றைக் கொண்டுவராது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் மணிக்குச் சுமார் 18 லிட்டர் கரியமிலவாயு விடுகிறார். 1,080 கன அடி அறையில் இரண்டு பேர் ஒரு மணி நேரம் இருந்தால் அளவு 1,200 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 1,200 பங்கு) ஏறும். வெளியில் 420 என்றால் உள்ளே 1,600ஐத் தாண்டும். சோர்வும் தடுமாற்றமும் குரலில் தெரிய ஆரம்பிக்கும்.

ஆளுக்கு நொடிக்கு 10 லிட்டர் வெளிக்காற்று போதும். விசிறியை அடுத்த அறையில் வைத்து, 6 அங்குலக் குழாய் வழியாக அனுப்பினால் இரண்டு பேருக்கான காற்று நொடிக்கு ஒரு மீட்டரை ஒட்டிய வேகத்தில்தான் வரும், சீறாது. அந்தக் குழாய் வழியாகப் பேச்சும் சத்தமும் போய்வராமலிருக்க நடுவில் 12 × 12 அங்குல மரப்பெட்டி வழி, 6 அடி நீளத்தில், இரண்டு திருப்பத்தோடு அமையுங்கள். உட்சுவர் நான்கிலும் ஓரங்குலக் கிளாஸ்வூல், மேலே மெல்லிய துணி. திருப்பம் இல்லாமல் நேராக விட்டால் பாதிப் பயன்தான். வெளியேறும் காற்றுக்கும் இதே போல் இன்னொரு பெட்டி வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே காற்று புகாது.

ஏசி இன்வெர்ட்டர் வகையாக இருந்தால், பதிவுக்கு ஒரு மணி முன்பே அறையைக் குளிர்வித்துவிட்டு, மிகக் குறைந்த விசிறி வேகத்தில் ஓடவிட்டே பேசலாம். மைக்கின் முதுகு ஏசியைப் பார்த்திருக்கட்டும்.

கேள்வி: செய்தி வாசிக்கும்போது குரல் மூக்கடைத்தது போல் வருகிறது. மேசை மேல் மைக். சுவரெல்லாம் சரியாகவே செய்திருக்கிறோம்.

பதில்: மேசைப் பலகையைப் பாருங்கள். வாய் பலகையிலிருந்து 16 அங்குல உயரம், மைக் 12 அங்குலம், இரண்டுக்கும் நடுவே 8 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், நேராக வரும் குரல் 9 அங்குலம் வருகிறது. பலகையில் பட்டு வருவது 29 அங்குலம். 20 அங்குலம் பின்தங்கி வருவது நேர்க்குரலோடு சேரும்போது 335, 1,000, 1,670 ஹெர்ட்ஸ்களில் குழி விழும், அதாவது அந்தச் சுருதிகள் அமுங்கிவிடும். நீங்கள் கேட்கும் மூக்கடைப்பு அதுதான். சுருதிவாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் சரிசெய்ய முயல வேண்டாம். தலை அசைந்தால் குழியும் இடம் மாறும்.

பலகையை வெட்டி எடுத்துவிட்டு, துளையிட்ட தகடோ கம்பிவலையோ வைத்து, அதன் அடியில் 2 அங்குல ராக்வூல், மேலே துணி. வானொலி நிலையங்களில் மேசைகளை இப்படித்தான் செய்கிறார்கள். அதற்கு வழியில்லையென்றால் மைக்கை மேலிருந்து தொங்கும் கையில் மாட்டி வாய்க்கு 5, 6 அங்குலத்தில் கொண்டுவாருங்கள். தாளைச் சாய்வான தாங்கியில் வையுங்கள். மேசைமேல் கண்ணாடி போட்டிருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்.

கேள்வி: தட்டோனில் மரவீடு. பலகைத் தரை. யாராவது நடந்தால் பதிவில் தும் தும் என்கிறது. மின்சாரம் போய் ஜெனரேட்டர் ஓடினால் ஒரே ரீங்காரம்.

பதில்: நடைச் சத்தம் தரை வழியாக மைக் ஸ்டாண்டில் ஏறுகிறது. ஒன்றரை அடிச் சதுர சிமென்ட் பாளத்தை நான்கு மென்மையான ரப்பர் துண்டுகள்மேல் வைத்து, ஸ்டாண்டை அதன்மேல் நிறுத்துங்கள். மைக்குக்கு நாடா கோத்த தாங்கி, மிக்ஸரில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் வடிகட்டி. நடைபாதையில் தடித்த கம்பளம்.

ரீங்காரம் காற்று வழியா, கம்பி வழியா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். மைக்கைக் கழற்றிவிட்டு அந்தச் சானலை மட்டும் ஏற்றுங்கள். அப்போதும் 50 அல்லது 100 ஹெர்ட்ஸ் கேட்டால் மின்னிணைப்பில்தான் கோளாறு, சுவருக்கு என்ன செய்தாலும் போகாது. கணினி, மிக்ஸர், ஸ்பீக்கர் மூன்றுக்கும் ஒரே பிளக் பலகையிலிருந்து, எர்த்தோடு மின்சாரம் கொடுங்கள். மைக்கைக் கழற்றியதும் அடங்கிவிட்டால் ஜெனரேட்டரின் ஒலியே வருகிறது: அதை ரப்பர் பாதத்தில், வீட்டின் தூணைத் தொடாத தனித் திட்டில், அறைக்கு எதிர்ப்பக்கம் நகர்த்துங்கள். புகை வீட்டுக்குள் வராத இடமாக இருக்கட்டும்.

கேள்வி: ராக்வூல் எங்கள் ஊரில் கிடைப்பதில்லை. இலவம்பஞ்சு, தேங்காய் நார், பழைய ரஜாய் இவற்றை வைக்கலாமா?

பதில்: ஒலிக்கு வேண்டியது காற்று சிரமப்பட்டு நுழையும் தன்மை. பஞ்சில் வாயை வைத்து ஊதுங்கள்: கொஞ்சம் திணறி, ஆனால் போக வேண்டும். தங்குதடையின்றிப் போனால் தளர்வு. போகவே போகாவிட்டால் இறுக்கம், ஒலி மேலேயே பட்டுத் திரும்பும். பழைய பருத்தி ரஜாய்களை 4 அங்குலத் தடிப்புக்கு அடுக்கித் தைத்தால் நல்ல வேலை செய்யும். தேங்காய் நார் மெத்தை தளர்வாக இருக்கும். அதுவும் 4 அங்குலம் வேண்டும். இலவம்பஞ்சு வேண்டவே வேண்டாம், பொறி பட்டால் நொடியில் பற்றும். பருத்தியும் எரியும் பொருள்தான். பிளக், விளக்கு, கம்பி இவற்றிலிருந்து தள்ளி மாட்டுங்கள். வெளிச்சுவரில் ஒட்டாமல் 2 அங்குலம் விட்டு, தரையிலிருந்து 4 அங்குலம் தூக்கி மாட்டினால் பூஞ்சை பிடிக்காது. மழைக்காலம் முடிந்ததும் இறக்கி வெயிலில் போடுங்கள்.

கேள்வி: ஒரே அறையில் பேச்சும் பதிய வேண்டும், கோயிலுக்குப் பஜனையும் பதிய வேண்டும். பேச்சுக்காகச் செய்த அறையில் பாட்டு வறண்டு கேட்கிறது.

பதில்: பாட்டுக்கும் ஆர்மோனியத்துக்கும் மிருதங்கத்துக்கும் 0.5 நொடி அளவு முழக்கம் இருந்தால்தான் பாடுபவர் தொண்டையை வருத்தாமல் பாடுவார். பலகைகளில் ஆறேழை நிரந்தரமாக மாட்டாமல் 6 அடி உயரத்தில் காலோடு நிற்கும் தட்டிகளாகச் செய்யுங்கள். ஒரு முகம் ராக்வூல், மறுமுகம் அரை அங்குலப் பிளைவுட். பேச்சுக்குப் பஞ்சு முகம், பாட்டுக்கு மர முகம். மூலைப் பலகைகளை மட்டும் எப்போதும் எடுக்க வேண்டாம். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் கும்மாமல் தெளிவாக வருவது அவற்றால்தான். நாதஸ்வரமும் தவிலும் இந்த அளவு அறைக்கு அதிகம். அவற்றைக் கோயில் மண்டபத்திலேயே, கூட்டமில்லாத நேரத்தில், வாத்தியத்திலிருந்து 6 முதல் 10 அடி தள்ளி மைக் வைத்துப் பதியுங்கள்.

கேள்வி: கருவி எதுவும் இல்லாமல் அறை சரியாகிவிட்டதா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: மைக் இருக்கும் இடத்தில் நின்று ஒருமுறை கை தட்டுங்கள். டர்ர் என்று இழுத்தால் எதிரெதிர்ச் சுவர் இரண்டு வெறுமையாக இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் ஒரு பலகையை நகர்த்தினால் போய்விடும். கைதட்டல் மேல்சுருதியைத்தான் காட்டும். கீழ்ச்சுருதிக்குக் கைப்பேசியில் ஒலியெழுப்பும் செயலியைப் போட்டு, ஸ்பீக்கரை மூலையில் வைத்து, 60இலிருந்து 250 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏற்றிக்கொண்டே மைக் இடத்தில் கேளுங்கள். கைப்பேசியின் சொந்த ஸ்பீக்கரில் இந்தச் சுருதி வராது. எங்கே திடீரென்று வீங்குகிறதோ அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, 565இன் கணக்கில் எந்தத் திசைக்கு உரியது என்று பார்த்தால், அடுத்த பலகையை எந்தச் சுவரில் வைப்பது என்று தெரிந்துவிடும். ஒலி அளக்கும் மைக் ஒன்றும் கணினியும் கிடைத்தால் ஆர்இடபிள்யூ (REW) என்ற இலவச மென்பொருள் இதையே படமாக வரைந்து காட்டும். கடைசியாக, யாரும் பேசாமல் ஒரு நிமிடம் பதிவு செய்து ஹெட்ஃபோனில் ஒலியை நன்றாக ஏற்றிக் கேளுங்கள். மின்விசிறி, பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டார், குழல்விளக்கின் சோக் என்று நேரில் காதில் படாத பலவும் அதில் தனித்தனியே கேட்கும்.